நிலம் நடுங்கும்போது நிற்பது எது?

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 29. மராட்டிய மாநிலத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் பிள்ளையார் சதுர்த்தி விழாவின் நிறைவு நாள். சிலைகளை நீரில் கரைத்துவிட்டு, களைத்துப்போய் வீடு திரும்பிய மக்கள் படுத்து உறங்கினர். மறுநாள் அதிகாலை 3 மணி 56 நிமிடத்துக்கு நிலம் நடுங்கியது. நடுக்கம் ஒரு நிமிட நேரங்கூட நீடிக்கவில்லை. ஆனால் பொழுது விடிந்தபோது கில்லாரியும் அதைச் சுற்றியிருந்த ஊர்களும் கற்குவியல்களாகக் கிடந்தன. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர்.

அந்த நிலநடுக்கத்தின் அளவு 6.2. இது உலகம் காணாத பெரிய நடுக்கம் அன்று. 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட அளவுள்ள நிலநடுக்கங்கள் உலகில் ஆண்டுதோறும் நூறுக்கு மேல் நிகழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை செய்தித்தாளில் இரண்டு வரிகளோடு முடிந்துவிடுகின்றன. அப்படியானால் கில்லாரியில் மக்களைக் கொன்றது எது? நிலம் அன்று, அவர்கள் தலைக்கு மேலிருந்த கூரையும், அதைத் தாங்கிய சுவருமே.

இக்கட்டுரையில் இரண்டு பொருள்களைப் பற்றிக் காண்போம். ஒன்று, நிலநடுக்கத்தைப் பதிவுசெய்ய நாமே வீட்டில் செய்துகொள்ளக்கூடிய கருவி. மற்றொன்று, நாம் குடியிருக்கும் வீடு. இவை இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரண்டையும் ஆள்வது இயற்பியலின் ஒரே விதிதான். கருவியை இயங்க வைக்கும் அதே விதி வீட்டை வீழ்த்துகிறது. கருவியைச் செய்து பார்த்தவர் வீட்டைப் பற்றித் தாமாகவே சிந்திக்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு கயிறும் ஒரு கல்லும்

முழநீளக் கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டுங்கள். மறுநுனியைக் கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். கல் அசைவற்று நின்றபின், கையைச் சட்டென்று பக்கவாட்டில் சிறிது இழுத்து, உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கை நகர்ந்தது; கல் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நின்றது அல்லவா? ஓய்வில் இருக்கும் பொருள் ஓய்விலேயே இருக்க முயலும் இந்தப் பண்பை நிலைமம் என்கிறோம். பேருந்து திடீரெனக் கிளம்பும்போது நம்மைப் பின்னுக்குத் தள்ளுவதும் இதுவே.

நிலம் நடுங்கும்போது அதனுடன் சேர்ந்து வீடு, மரம், மேசை, நாம் எல்லாமே நடுங்குகிறோம். எதை ஆதாரமாகக் கொண்டு அசைவை அளப்பது? தொங்கும் கல்லே அந்த ஆதாரம். நிலம் நகர, கல் நிற்கிறது. நிற்கும் கல்லுக்கும் நகரும் தரைக்கும் இடையே தோன்றும் விலக்கத்தை எழுதிக்கொண்டால் அதுவே நிலநடுக்கப் பதிவு.

கி.பி. 132-இல் சீன அறிஞர் சாங் ஹெங் அமைத்த வெண்கலச் சாடியே இவ்வகையில் நாம் அறிந்த முதற் கருவி. அதன் புறத்தே எட்டுத் திசைகளிலும் எட்டு டிராகன்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஓர் உருண்டை. கீழே வாய் பிளந்த எட்டுத் தேரைகள். நிலம் அதிர்ந்தால் ஓர் உருண்டை தேரையின் வாயில் விழும். ஆனால் அதிர்வு எவ்வாறு கூடிக் குறைந்தது என்பதை எழுதிக் காட்ட அதனால் இயலவில்லை. அதற்கு 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் பணியாற்றிய ஜான் மில்ன், ஜேம்ஸ் யூவிங், தாமஸ் கிரே ஆகியோர் நல்ல பதிவுக் கருவிகளை உருவாக்கினர். நம் நாட்டில் 1897-ஆம் ஆண்டு அஸ்ஸாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பின், 1898-இல் கல்கத்தாவின் அலிப்பூரில் முதல் நிலநடுக்க ஆய்வுக்கூடம் அமைந்தது.

கதவே கருவியாகும் விந்தை

கயிற்றில் தொங்கும் கல் ஒன்றே போதுமா? போதாது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை சென்று திரும்ப 2 வினாடி ஆகும். தொலைவிலிருந்து வரும் நிலநடுக்க அலைகளோ மெல்ல அசைபவை. ஓர் அசைவுக்கே 15, 20 வினாடிகள் எடுத்துக்கொள்பவையும் உண்டு. அவ்வளவு மெதுவாக நிலம் நகர்ந்தால் சிறிய ஊசலும் கூடவே நகர்ந்துவிடும், விலக்கம் தோன்றாது. ஆகவே ஊசலின் அலைவு நேரமும் நீண்டதாக இருக்க வேண்டும். 20 வினாடி அலைவு நேரம் வேண்டுமென்றால் ஊசலின் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர் ஆகிவிடும். குதுப்மினாரைவிட உயரமான வீடு யாருக்கு இருக்கிறது!

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. சற்றே சாய்ந்த நிலையில் உள்ள கதவைப் பாருங்கள். திறந்து விட்டால் அது தானே மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் வந்து நிற்கும். சாய்வு குறையக் குறைய அசைவும் மெதுவாகும். இவ்வாறு கதவைப்போல் கிடையாக ஆடும் ஊசலைக் கிடை ஊசல் என்பர். முக்கால் மீட்டர் நீளமுள்ள தண்டு, ஒரு பாகைக்கும் குறைந்த சாய்வில் 15 வினாடி அலைவு நேரத்தைத் தந்துவிடும். அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் லேமன் இந்த அடிப்படையில் அமைத்த கருவியை 1979-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழ் வெளியிட்டது. அதைப் பின்பற்றி உலகின் பல பகுதிகளில் ஆர்வலர்கள் இதைச் செய்து வருகின்றனர்.

செய்யும் முறை

ஒரு மீட்டர் நீளமுள்ள கனமான இரும்புச் சட்டம் ஒன்றை அடித்தளமாகக் கொள்ளுங்கள். அதன் ஒரு முனையில் அரை மீட்டர் உயரமுள்ள கம்பத்தை அசையாதபடி பொருத்துங்கள். அடித்தளத்துக்கு மூன்று திருகாணிகளே கால்கள். கம்பத்தின் அடியில் ஒன்று, எதிர்முனையில் இரண்டு.

75 செ.மீ. நீளமுள்ள பித்தளைக் குழாய் அல்லது அலுமினியக் குழாய் ஊசல் தண்டாகும். இரும்பு வேண்டாம்; காந்தம் அதைக் கவர்ந்து தொல்லை தரும். தண்டின் ஒரு முனையில் கூரான எஃகு ஆணியைச் செருகுங்கள். கம்பத்தின் அடிப்பகுதியில் பொருத்திய எஃகுத் தகட்டில் சிறு குழி இட்டு, ஆணியின் கூர்முனை அதில் அழுந்தி நிற்குமாறு வையுங்கள். மறுமுனைக்கு அருகில் 3 முதல் 5 கிலோ வரையுள்ள பித்தளை அல்லது ஈய எடையைக் கட்டுங்கள். கம்பத்தின் உச்சியிலிருந்து எடைக்கு அருகில்வரை மெல்லிய எஃகுக் கம்பியால் தண்டைத் தாங்கச் செய்யுங்கள். கதவு தயார்.

இனிப் பதிவு. எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பியைச் சில ஆயிரம் சுற்றுகள் சுற்றிய கம்பிச்சுருளைத் தண்டின் நுனியில் ஒட்டுங்கள். வலிமை மிக்க காந்தம் ஒன்றைச் சுருளுக்கு அருகே அடித்தளத்தில் நிறுத்துங்கள். நிலம் அசைந்தால் காந்தம் அசையும், சுருளோ நிற்கும். ஆகவே சுருளில் சிறு மின்னோட்டம் தூண்டப்படும். சைக்கிள் டைனமோவில் நடப்பதும் இதே மின்தூண்டல்தான். இந்த மின்னோட்டத்தைப் பெருக்கி ஒன்றின் வழியே செலுத்தி, எண்களாக மாற்றிக் கணிப்பொறியில் சேமிக்கலாம். முற்காலத்தில் சுழலும் உருளையில் காகிதமும் பேனாவும் இருந்தன. இன்று அந்த வேலையைக் கணிப்பொறி செய்கிறது. கணிப்பொறியின் கடிகாரம் இணையத்தின் வழியே சரியான நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். நேரம் தவறினால் பதிவால் பயன் இல்லை.

இன்னும் ஒன்று குறைகிறது. ஒருமுறை தள்ளப்பட்ட ஊசல் தானே நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். அடுத்து வரும் அலை எது, ஊசலின் சொந்த ஆட்டம் எது என்று தெரியாது. ஆகவே ஆட்டத்தைத் தணிக்க வேண்டும். தண்டின் நுனியில் ஒரு செப்புத் தகட்டைப் பொருத்தி, அது இரண்டு காந்தங்களுக்கு இடையே அசையுமாறு செய்தால், தகட்டில் தோன்றும் சுழல் மின்னோட்டங்கள் ஆட்டத்தை அடக்கிவிடும். விரலால் மெல்லத் தள்ளிவிட்டால் தண்டு ஒருமுறை மட்டும் ஆடி நின்றுவிட வேண்டும். அதுவே சரியான தணிப்பு. ஆனால் அலைவு நேரத்தை அளக்கும்போது மட்டும் தணிப்புக் காந்தங்களை அகற்றிவிடுங்கள். எதிர்முனைத் திருகாணிகளால் தண்டை நடுவில் நிற்கச் செய்து, கம்பத்தடித் திருகாணியால் சாய்வைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் தண்டு நிலைகொள்ளாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பொறுமை வேண்டிய வேலை இது.

கருவியைத் தரைத் தளத்தில், சாலைக்கும் பெரிய மரங்களுக்கும் விலகிய அறையில் வையுங்கள். காற்றும் சிலந்தியும் நுழையாதபடி பெட்டியால் மூடுங்கள். தண்டுக்கும் கம்பத்துக்கும் இடையே சிலந்தி ஒரே ஓர் இழையைக் கட்டிவிட்டாலும் பதிவு கெட்டுவிடும்!

கோடுகள் சொல்லும் செய்தி

முதல் நாளே நிலநடுக்கம் பதிவாகிவிடாது. கதவு அடைப்பதும், லாரி போவதும், கிரைண்டர் சுழல்வதும்தான் முதலில் தெரியும். இவை விரைவான நடுக்கங்கள். சில வினாடிகளில் கூடிக் குறைந்துவிடும். இவற்றினூடே 5 முதல் 8 வினாடிக்கு ஒருமுறை ஓயாமல் எழும் சிற்றலைகளையும் காணலாம். கடல் அலைகள் நிலத்தில் எழுப்பும் மெல்லிய அதிர்வே இது. கடலில் புயல் தோன்றும் நாள்களில் இது மிகும்.

நிலநடுக்கத்தின் பதிவு வேறு விதமாக இருக்கும். அமைதியாக ஓடும் கோடு திடீரென்று நடுங்கும். அது முதலாம் அலை. நிலத்தை நெருக்கியும் தளர்த்தியும் ஒலியைப்போல் செல்லும் இந்த அலை, புவியின் மேலோட்டில் வினாடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் விரைகிறது. சிறிது நேரங்கழித்து, கோடு இன்னும் பெரிதாக வீசும். அது இரண்டாம் அலை. நிலத்தைப் பக்கவாட்டில் உலுக்கும் இதன் வேகம் சுமார் மூன்றரைக் கி.மீ. இரண்டையும் பிரித்தறிந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஆர்.டி. ஓல்டாம், 1897 அஸ்ஸாம் நடுக்கத்தின் பதிவுகளே அவருக்கு உதவின.

மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியைக்கொண்டு இடி விழுந்த தொலைவைக் கணக்கிடுவோம் அல்லவா? இங்கும் அதே கணக்குத்தான். அண்மையில் நிகழும் நடுக்கங்களுக்கு, இரு அலைகளும் வந்த நேர இடைவெளியை வினாடியில் அளந்து 8-ஆல் பெருக்கினால் தொலைவு கி.மீ.இல் கிடைக்கும். இடைவெளி 12 வினாடி என்றால் நடுக்கம் சுமார் 96 கி.மீ. அப்பால். ஆனால் எந்தத் திசையில் என்று ஒரு கருவி சொல்லாது. மூன்று ஊர்களில் மூன்று கருவிகள் இருந்தால், மூன்று வட்டங்கள் வரைந்து அவை வெட்டும் இடத்தைக் காணலாம். பள்ளிகள் சேர்ந்து செய்வதற்கு ஏற்ற முயற்சி இது. தேசிய நிலநடுக்கவியல் மையம் வெளியிடும் பட்டியலோடு உங்கள் பதிவை ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

கருவியால் இயலாதது

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நிலநடுக்கம் வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் கருவி இன்றுவரை எங்கும் இல்லை. நாளும் நேரமும் குறித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். நிலநடுக்கமானி, தொடங்கிவிட்ட நடுக்கத்தைத்தான் காட்டும்.

தொடங்கியதை உடனே அறிவதாலும் பயன் உண்டு. ஜப்பான் 2007 முதல் செய்து வருவதுபோல, மையத்துக்கு அருகிலுள்ள கருவிகள் முதலாம் அலையைக் கண்டதும் தொலைவிலுள்ள ஊர்களுக்கு எச்சரிக்கை அனுப்பலாம். அதனால் கிடைப்பவை சில வினாடிகள், மிஞ்சினால் ஒரு நிமிடம். ஆழிப்பேரலைக்கோ அவகாசம் கூடுதல். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கிய செய்தியை நில அலைகள் ஏறத்தாழ 4 நிமிடத்தில் சென்னைக்குக் கொண்டுவந்தன. கடல் அலை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அன்று அந்த இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்தும் ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் இல்லை. 2007-இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது.

ஆனால் மையத்தின் மேலேயே உள்ள ஊருக்கு எந்த எச்சரிக்கையும் உரிய நேரத்தில் எட்டாது. கில்லாரிக்கு எட்டியிராது. அங்கே மனிதனைக் காக்க வேண்டியது வீடுதான்.

வீடும் ஓர் ஊசலே

கில்லாரிப் பகுதி வீடுகளின் சுவர்கள் தடித்தவை. ஒழுங்கற்ற கற்களைச் சேற்றில் வைத்துக் கட்டியவை. உள்ளுக்கு ஒரு வரிசை, வெளிக்கு ஒரு வரிசை. இரண்டையும் இணைக்கும் கல் பெரும்பாலும் இல்லை. மேலே மரப்பலகை பரப்பி, வெயில் தாங்கக் கனமாக மண் கொட்டிய கூரை.

கணக்கிட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் உள்ள அறையின் மேல் 30 செ.மீ. தடிப்புக்கு மண் இருந்தால் அதன் எடை 5 டன்னைத் தாண்டும். அதே அறைக்கு ஓட்டுக்கூரை போட்டால் ஒரு டன்கூட ஆகாது. நிலம் பக்கவாட்டில் நகரும்போது சுவரின் அடி அதனுடன் நகர்கிறது. உச்சியிலுள்ள 5 டன் மண்ணோ, நம் கயிற்றுக் கல்லைப்போல், இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. நடுவில் அகப்பட்டது சுவர். நிலத்தின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே, ஒரு டன் எடைக்குச் சமமான விசை கூரையிலிருந்து சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். மேலிருந்து வரும் சுமையைத் தாங்க மட்டுமே கட்டிய சுவர், பக்கத்திலிருந்து வரும் தள்ளுதலைத் தாங்குமா? எடை மிகுந்த ஊசல் நல்ல கருவி. எடை மிகுந்த கூரையோ கெட்ட வீடு.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. தீப்பெட்டிகளை அடுக்கி ஒரு தட்டின்மேல் நான்கு சுவர் எழுப்புங்கள். மேலே ஒரு தடித்த புத்தகத்தை வைத்துத் தட்டைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மூலைகள் பிரிந்து சுவர்கள் வெளிப்புறம் சாயும். மீண்டும் அடுக்கி, சுவரின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையத்தை மாட்டுங்கள். இப்போது அதே ஆட்டத்தை நெடுநேரம் தாங்குவதைக் காண்பீர்கள். நான்கு சுவர்கள் ஒரு பெட்டியாகிவிட்டன.

அந்த ரப்பர் வளையத்தின் வேலையை வீட்டில் செய்வது கான்கிரீட் பட்டை. அடித்தள மட்டத்தில் ஒன்று, கதவு ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் ஒன்று, சாய்வுக் கூரை என்றால் கூரையடியிலும் ஒன்று. லிண்டலைத் திறப்புகளுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாகப் போடாமல், வீட்டைச் சுற்றிலும் உட்சுவர்களிலும் இடைவிடாமல் ஓடவிட்டால் அதுவே பட்டை. கூடுதல் செலவு சில கம்பிகளும் சில மூட்டைச் சிமெண்டுமே.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1931-இல் பலுச்சிஸ்தானத்தில் நிலம் நடுங்கியபின், எஸ்.எல். குமார் என்ற இளம் ரயில்வே பொறியாளர் குவெட்டாவில் இவ்வாறு இரும்பால் பிணைத்த குடியிருப்புகளைக் கட்டினார். 1935 மே 31 அன்று பெரும் நடுக்கம் குவெட்டா நகரைத் தரைமட்டமாக்கி, பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. குமாரின் குடியிருப்புகள் நின்றன.

இருக்கும் வீட்டில் என்ன செய்யலாம்?

நம் பக்கத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் எண்ணலாம். கில்லாரியும் அன்றைய வரைபடத்தில் அபாயம் மிகக் குறைந்த மண்டலத்தில்தான் இருந்தது. 1900-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் 6-ஐ ஒட்டிய அளவில் நிலம் நடுங்கியிருக்கிறது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் எழுந்த 5.5 அளவு நடுக்கத்தைச் சென்னையும் உணர்ந்தது.

பழைய கல்வீடு என்றால், கூரைமேல் ஆண்டுதோறும் சேர்ந்த மண்ணைக் குறையுங்கள். சுவரின் இரு வரிசைகளையும் இணைக்க, ஆங்காங்கே துளையிட்டுக் கம்பியும் கான்கிரீட்டும் இட்டு ஊடுகல் அமைக்கலாம். லிண்டல் மட்டத்தில் சுவரின் இருபுறமும் கம்பிவலை அடித்துச் சிமெண்ட் பூசி, பின்னாளிலும் பட்டை கட்டலாம். கில்லாரிக்குப் பின் அப்பகுதியில் இம்முறைகளைக் கையாண்டனர்.

தூண்களின்மேல் நிற்கும் மாடிவீடு என்றால், கீழ்த்தளத்தைப் பாருங்கள். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நடுக்கத்தின்போது, 200 கி.மீ.க்கு அப்பாலுள்ள அகமதாபாத்தில் பல மாடிக் கட்டடங்கள் சரிந்தன. அவற்றுள் பல, வண்டி நிறுத்தக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் திறந்து விட்டவை. புதிதாகக் கட்டுவோர், தூண் கம்பிகளைச் சுற்றும் வளையங்கள் நெருக்கமாக உள்ளனவா, அவற்றின் முனைகள் உட்புறம் நன்கு மடக்கப்பட்டுள்ளனவா என்று கொத்தனாரைக் கேளுங்கள். கான்கிரீட் கொட்டியபின் கேட்டுப் பயனில்லை.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பீரோவையும் புத்தக அலமாரியையும் ஆங்கிள் துண்டு வைத்துச் சுவரோடு முடுக்குங்கள். பரணிலுள்ள பித்தளை அண்டாவையும் இரும்புப் பெட்டியையும் கீழே இறக்குங்கள். கட்டிலைப் பரணுக்கு அடியிலும், கனமான படத்துக்கு அடியிலும் போடாதீர்கள். மொட்டைமாடித் தொட்டியின் ஆயிரம் லிட்டர் நீர் ஒரு டன் எடை. அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். சமையல் எரிவாயு உருளையைச் சங்கிலியால் கட்டுங்கள். அதை மூடவும், மின்சார மெயின் சுவிட்சை நிறுத்தவும் வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்கட்டும். கட்டிலருகே டார்ச்சும் செருப்பும் இருக்கட்டும். இருளில் உடைந்த கண்ணாடிமேல் நடக்க நேரிடலாம்.

நடுங்கும்போது உறுதியான கட்டடத்தில் இருந்தால் ஓடாதீர்கள். வலுவான மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பற்றிக்கொள்ளுங்கள். நின்றபின் படிவழியே இறங்குங்கள், மின்தூக்கி வேண்டாம். மண் வீடாகவோ பிணைப்பற்ற கல்வீடாகவோ இருந்து, வாசல் இரண்டெட்டில் இருந்தால் வெளியேறித் திறந்தவெளிக்குச் செல்லுங்கள், சுவரோரம் நிற்காதீர்கள்.

உங்கள் கிடை ஊசல் என்றேனும் ஒருநாள் தொலைதூர நடுக்கத்தை வரைந்து காட்டும். அந்தக் கோட்டைக் கண்டு மகிழும்போது, எடைத்துண்டு ஏன் நின்றது என்பதையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பிறகு தலையை உயர்த்தி, மேலே உள்ள கூரையைப் பாருங்கள்.